பழைய இனிஷியல்

ஆஸ்பத்திரிக் கதவின் முன் நின்று "ப. கயல்" என்றாள் பவளம். மகளுக்கு மூச்சிரைத்தது. பெயர் பதிவாகியிருந்தால் மட்டுமே திறக்கும் அந்தத் தானியங்கிக் கதவு, ஊர் டைரக்டரியில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இல்லீங்களே" என்றது.

அடித்து உதைத்த கணவனிடமிருந்து தப்பி வந்த அன்றே, மகளின் இனிஷியலைத் தன் பெயருக்கு மாற்றியிருந்தாள். டைரக்டரி இன்னும் அப்பன் பெயருக்குக் கீழேதான் பிள்ளைகளைத் தேடியது.

"பழசையே சொல்லும்மா. ஒரு எழுத்துதானே," என்றாள் கயல் இரைப்புக்கிடையே.

"வாயில வரமாட்டேங்குதுடி."

கயலின் உதடு நீலம் பாரித்துவிட்டது. பவளம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மு. கயல்" என்றாள்.

கதவு திறந்தது. "பயப்படாதீங்கம்மா," என்றது கனிவாக. "பாப்பாவோட அப்பாவுக்குத் தகவல் சொல்லியாச்சு. இங்கதான் வந்துட்டிருக்காரு."