ஒன்பதாவது குஞ்சு

ஏரிக்கரையில் செம்பி, கருக்கி என்று இரண்டு வாத்துகள் அக்கா தங்கையாக வாழ்ந்து வந்தன. இருவருக்குமாகச் சேர்த்து ஒன்பது குஞ்சுகள். மேய்ந்துவிட்டுத் திரும்பும் குஞ்சு யார் கண்ணில் முதலில் படுகிறதோ, அவர் அதைக் கோரைப்புதருக்குள் கொண்டுபோய் விடுவது வழக்கம்.

அன்று எட்டு வந்துவிட்டன. செம்பி இறகு கோதத் தலையைத் திருப்பிய நேரத்தில் ஒன்பதாவதும் வந்தது. கருக்கி அதைப் பேசாமல் அழைத்துப் போய்விட்டாள்.

செம்பி காத்திருந்தாள். வெயில் சாய்ந்தும் குஞ்சு வரவில்லை. எதிர்க்கரையில் ஒரு நரி தண்ணீர் குடிப்பதைக் கண்டதும் குஞ்சு அங்கே மாட்டிக்கொண்டதோ என்று பயந்தாள். நரி இருந்த பக்கமே நீந்தினாள்.

குஞ்சுகளை உறங்க வைத்துவிட்டுப் புதரிலிருந்து திரும்பிய கருக்கி, அக்காவைக் காணாமல் பதறித் தானும் நீரில் இறங்கினாள். நடு ஏரியில் அவளைப் பிடித்துவிட்டாள்.

"கடைசிக் குஞ்சைக் காணோம்டி."

"அதை நான் அப்பவே கூட்டிட்டுப் போயிட்டேனே அக்கா."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ பார்த்திருப்பேன்னு நினைச்சேன்."

செம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எதிர்க்கரையைப் பார்த்தாள். அங்கே நரி இல்லை.

"இப்போ பிள்ளைங்ககிட்ட யாருடி இருக்கா?"

இருவரும் திரும்பிப் பறந்தார்கள். கரையைச் சுற்றிக்கொண்டு நரி வந்து சேர்வதற்குள் ஒன்பது குஞ்சுகளையும் நடு ஏரிக்கு ஓட்டிவிட்டார்கள்.

மறுநாள் கருக்கி கரையில் நிற்க, செம்பி குஞ்சுகளுக்குக் காவலாகப் புதரிலேயே இருந்துகொண்டாள். தொலைவில் ஒரு குஞ்சு வருவது அங்கிருந்தே தெரிந்தது. ஓடிப்போய் அழைத்துவரக் கால் பரபரத்தது.

"கருக்கி, ஒண்ணு வருது பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.