ஐம்பதுக்கு ஐம்பது

"ஐம்பதுக்கு ஐம்பது! ஐயா, உங்க பொண்ணு ஒரு படத்தைக்கூடத் தப்பாச் சொல்லல. மத்தியானமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

பேச்சுப் பயிற்சி தரும் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த மகள் சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ரோடு வெறிச்சோடிக் கிடந்தால்தான் அவருக்கு அதிகம் பயம்.

"எழுதாதேம்மா. பேனாவை மூடு. அவ நல்லா இல்ல."

"மூளையில ரத்தக்குழாய் அடைச்சு ஒன்பது நாள்ல பேச்சு திரும்பிருக்கு. சந்தோஷப்படுங்க."

"என்ன திரும்பிச்சு? காலையில ஊசி போட்ட கை புசுபுசுன்னு வீங்கிப் போச்சு. வலிக்குதுன்னு சொல்ல வரல. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு 'குடை, குடை'ன்னு கத்துறா. அந்த நர்ஸம்மா மழை பெய்யுதான்னு சன்னல் வழியா எட்டிப் பார்க்குது!"

"அப்பப்போ தடுமாறும், ஐயா. சோதனையில தேறினவங்களுக்குப் பயிற்சி தர எங்களுக்கு உத்தரவு இல்ல. இந்தப் படுக்கைக்காக வெளியில ஆளுங்க காத்திருக்காங்க."

வீட்டில் அவரும் மகளும்தான். அவர் கிடங்குக் காவலுக்குப் போய்விட்டால் அவள் தனி. அடுப்பு பற்றிக்கொண்டால்? போனை எடுத்து 'குடை' என்பாள். எதிர்முனையில் இருப்பவன் பைத்தியம் என்று நினைத்து வைத்துவிடுவான்.

"இன்னொரு தடவை கேளு. என்னை வெளியில நிறுத்தாம, என் கண்ணு முன்னாடி."

"என்மேல நம்பிக்கை இல்லையா, பெரியவரே?"

"என் லாரி பிரேக்கையே மூணு தடவை மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் கிளம்புவேன். நீ யாரு?"

அவள் பெருமூச்சு விட்டு, பெட்டியிலிருந்து அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"கண்... சாவி... நாற்காலி... சீப்பு..."

மகள் கடகடவென்று சொன்னாள். எல்லாம் சரி. ஆனால் கிழவர் படங்களைப் பார்க்கவில்லை. மகளின் கண்களைப் பார்த்தார். அவை எதிர்ச் சுவரில் குத்திட்டு நின்றன. ஐந்தாவது அட்டை திரும்பும் முன்பே அவள் "கத்தரிக்கோல்" என்றாள்.

கத்தரிக்கோல்தான் வந்தது.

அவர் அட்டைக் கட்டை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஐயா, கலைக்காதீங்க! சுலபத்துல இருந்து கஷ்டத்துக்குன்னு அடுக்கியிருக்கு. வரிசை மாறினா சோதனை செல்லாது!"

கலைத்தார். மேலே வந்தது யானை. மகள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏணி."

அடுத்தது கதவு.

"பம்பரம்."

கைக்கடிகாரம்.

"நங்கூரம்."

தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. வாய் மட்டும் நிற்கவில்லை.

பயிற்சிப் பெண் கையிலிருந்த விடை வரிசைத் தாளில் விரலை வைத்தாள். "ஆறு, ஏழு, எட்டு... ஐயோ, படத்தைப் பார்த்துச் சொல்லல. வரிசையை ஒப்பிக்கிறாங்க!"

"நீதான் சொல்லிக் குடுத்தியா? படுக்கையைக் காலி பண்ண உங்க தந்திரமா இது?"

"சத்தியமா இல்ல, ஐயா! இந்தப் பெட்டி எப்பவும் பூட்டியே இருக்கும். வெளியாளு யாரும் பார்த்திருக்கவே முடியாது. இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் அவசரமாக நோயாளிக் குறிப்பைப் புரட்டினாள். வேலை என்ற இடத்தில், சேர்த்த அன்று கிழவர் சொன்னபடி, 'கல்லூரி' என்று மட்டும்தான் இருந்தது.

மகள் கையை நீட்டிப் பெட்டியை இழுத்தாள். தலைகீழாகத் திருப்பினாள். அடியில் இருந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

பயிற்சிப் பெண் குனிந்து படித்தாள். குறிப்பை எடுத்து அதையும் படித்தாள். அவள் முகம் வெளுத்தது.

"என்னம்மா போட்டிருக்கு? எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், இது பொடியா வேற இருக்கு."

"இந்தச் சோதனையை உருவாக்கினது யாருன்னு போட்டிருக்கு, ஐயா," என்றாள். "உங்க பொண்ணு பேரு."