ஏழு நாள் பத்தியம்

"பால்சுறா இல்லாம இன்னாத்துக்கும்மா கூடையத் தூக்கிக்கினு வர்றே?" என்று பூந்தமல்லிச் சந்தையில் வரதன் மல்லுக்கு நின்றான். மீன்காரி முத்தம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மழிக்காத முகம், தூக்கம் கெட்ட கண்.

"மொதோ புள்ளையா அண்ணாத்தே?" என்று கேட்டாள்.

வரதன் தலையை ஆட்டினான். அவள் வேறு யாருக்கோ ஒளித்து வைத்திருந்த இரண்டு குட்டிச் சுறாவை எடுத்து அவன் பையில் போட்டாள்.

பூங்காவனம் பிள்ளை பெற்று ஆறு நாள் ஆகியிருந்தது. சென்னீர்குப்பத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தவிர ஒத்தாசைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. வரதனோ ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை எழும்புகிற இடத்துக்கு ஜல்லி ஓட்டும் வண்டிக்காரன். கோழி கூவக் கிளம்பினால் விளக்கு வைக்கத்தான் திரும்புவான்.

"வாய்க்கு ருசியா ஆக்கிப் போடு நைனா. அவ துன்னலேன்னா மாரு வத்திடும். ஆட்டுப்பாலு கொழந்தைக்கு ஒத்துக்கல, அப்புறம் உசுரு தங்காது" என்று மருத்துவச்சி நாகம்மாள் சொல்லிவிட்டாள். அவள் பேச்சு வேளைக்கு ஒன்று. முந்தாநாள் மாரில் வைத்துக் கட்ட நாலு முழம் மல்லி வாங்கி வரச் சொன்னவளும் அவள்தான், நேற்று ஓடி வந்து அதைக் குப்பையில் போடச் சொன்னவளும் அவள்தான்.

அடுப்பை எந்தப் பக்கமிருந்து ஊதுவது என்றே தெரியாத வரதன் ஏழு நாளுக்கும் சமையலைத் திட்டம் போட்டான். ஞாயிற்றுக்கிழமை சுறாப்புட்டு. திங்களும் வியாழனும் முருங்கைக்கீரை, பக்கத்து வீட்டு மரம் என்பதால் காசில்லை. பங்குனியில் கத்தரிப்பிஞ்சு கொள்ளை மலிவு, அது செவ்வாய்க்கு. புதன்கிழமை வெந்தயக் கஞ்சி வைத்தால் கூப்பன் அரிசியில் இரண்டு பிடி மிஞ்சும், அதை வெள்ளிக்கிழமை பருப்பும் பூண்டும் போட்டுப் பொங்கிவிடலாம். சனிக்கிழமைக்குக் கருவாடு. வண்டிக்குப் பக்கத்தில் நடந்தபடி இதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தான், மாடுகளுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

யுத்த காலம், பூண்டு ஆனை விலை குதிரை விலை. ஆனால் பூந்தமல்லியில் மளிகைக் கடை வைத்திருந்த ஹாஜா மொய்தீன் வரதனிடம் மட்டும் காசு வாங்கவில்லை. பொட்டலத்தை நீட்டும்போது, "குடிச்சுதா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். வரதன் ஆமாம் என்றால் கண்ணை மூடி அல்லாவுக்கு நன்றி சொல்லுவார்.

என்ன ஆக்கி என்ன? பூங்காவனம் ஒரு வாய் வைப்பாள், தட்டை நகர்த்திவிடுவாள். குழந்தை வீறிட்டால் எடுத்து மாரில் போட்டுக்கொள்வாள், முகம் மட்டும் சுவரைப் பார்த்தபடி இருக்கும். வரதன் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வான். கேட்பாரில்லாத வீட்டிலும் புகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

வியாழக்கிழமை விடிந்தபோது பால் போதவில்லை. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்து ஓய்ந்துபோய் அழுதது. வரதன் வண்டி பூட்டவில்லை. கீரையை உருவி, பூண்டு தட்டிப் போட்டு வதக்கி, சூடு ஆறுவதற்குள் சோற்றில் பிசைந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"உனக்காவ துன்ன வாணாம். அது இன்னா பாவம் பண்ணிச்சு, அதுக்காவ துன்னு" என்றான். குரல் உடைந்துவிட்டது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

பூங்காவனம் வாயைத் திறந்தாள். அவன் உருட்டித் தந்த உருண்டை ஒவ்வொன்றையும் அழுதுகொண்டே விழுங்கினாள். அன்றுதான் குழந்தையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமைப் பொங்கலை வழித்துச் சாப்பிட்டாள். சனிக்கிழமை கருவாட்டுக் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று குறை சொன்னாள். அந்தக் குறையைக் கேட்டு வரதனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஞாயிறு காலை குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டு, வாயோரம் பால் வழிய அவள் மடியிலேயே தூங்கிப்போயிற்று.

அப்போது ஹாஜா மொய்தீன் வந்தார். உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசற்படியிலேயே நின்றார். தூங்குகிற குழந்தையைப் பார்த்தவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்து நீட்டினார். உள்ளே இரண்டு தங்க வளையல்கள் இருந்தன.

"பிரசவத்துல கண்ண மூடின எம் ஜுபைதா கையில கெடந்தது. இது உனக்குத்தான் சேரணும் தங்கச்சி" என்றார்.

வரதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூங்காவனம் வளையல்களைக் கையால் தொடவில்லை. குழந்தையின் வாயோரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுக்கு எதுக்கு பாய் கூலி? எம்புள்ள குடிக்காம வுட்டுட்டுப் போன பாலத்தான் உங்க பொண்ணு குடிக்குது."