எழுபத்தெட்டு கிலோவுக்கு ஒரு ஃபோர்க்

“உங்க வெயிட் எவ்ளோ சார்?”

“எழுபத்தெட்டு.”

சைக்கிள் கடை நசீருதீன் பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாசுதேவனை ஏற இறங்கப் பார்த்தார். ஏனாத்தூர் கல்லூரியில் கணக்கு வாத்தியார். சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு நிறுத்தாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டாத உடம்பு.

“வெளாடாதீங்க சார். ஏறி உக்கார்ற ஆளோட வெயிட்டுக்குத் தக்கனதான் ஸ்பிரிங்கை முறுக்கணும்.”

“வெளாடலை பாய். எழுபத்தெட்டுக்கே வையுங்கோ.”

சின்ன காஞ்சிபுரத்தில் கியர் சைக்கிள் வைத்திருக்கும் ஒரே வாத்தியார் அவர்தான். பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் ஃபோர்க் அமுங்கி எழும் வண்டி. செவிலிமேட்டு ரோட்டைக் குழாய் போடத் தோண்டியதிலிருந்து, அது அடிவரைக்கும் இறங்கித் ‘தொம்’ என்று தட்டுகிறதாம். இன்னொரு தரம் தட்டினால் ஆள் குப்புற விழுந்து கையோ காலோ போய்விடும் என்று பயந்து, சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவனிடம் சொல்லிப் புது ஃபோர்க் வரவழைத்திருந்தார். பழையதைவிட விறைப்பு. இரண்டு விரற்கடை கூடுதலாகவும் அமுங்கும்.

மொபெட்டுக்குக் காற்றடிக்க வந்த பட்டுக்கடை கைலாசத்துக்கு வாய் சும்மா இருக்குமா?

“பாக்கெட்டுல கல்லு போட்டுக்கினு நிறுத்தீங்களா சார்? அது சரி, நீங்க போறது ஏனாத்தூரு. செவிலிமேட்டுப் பள்ளத்துல உங்களுக்கு என்னா வேலை?”

“ஞாயித்துக்கிழமை போவேன்” என்றார் வாசுதேவன், கைலாசத்தின் முகத்தைப் பார்க்காமல். “பாய், அப்படியே அந்த சீட்டையும் பாருங்கோ. தினம் காலம்பற கோயில் கோஷ்டி முடிஞ்சு வந்து பார்த்தா நாலு விரல் இறங்கியிருக்கு.”

விடிகிற நேரத்தில் பெருமாள் கோயில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சொல்கிறவர் அவர். பஞ்சகச்சத்தோடு சைக்கிளில் ஏறமாட்டார். நடைதான்.

பாய் சீட்டைப் பிடித்து ஆட்டினார். “கல்லாட்டம் நிக்குது சார். தானா எப்டி எறங்கும்?”

அந்த நேரம் பார்த்து வாசுதேவனின் மனைவி வரலக்ஷ்மி கறிகாய்ப் பையோடு வந்து நின்றாள். முழங்கையில் பெரிய பிளாஸ்திரி. கிணற்றடியில் வழுக்கிவிட்டதாம்.

“ஏன்னா, நாப்பத்தொம்பது வயசுல இது தேவையா? பாய், நீங்களாவது சொல்லப்படாதா?”

“சொல்லிப் பாத்துட்டேம்மா. கேக்க மாட்டேன்றாரு.”

“ஊரே சிரிக்கறது!”

முணுமுணுத்துக்கொண்டே கிளம்பியவள் நாலடி போய்த் திரும்பினாள்.

“இனிமே பள்ளத்துல விழுந்தா நிஜமாவே தட்டாதா பாய்?”

“யானையே ஏறினாலும் தட்டாதும்மா.”

“அதென்ன, யானை கீனைன்னுண்டு!” என்று சிடுசிடுத்துவிட்டுப் போய்விட்டாள். தப்பாக என்ன சொல்லிவிட்டோம் என்று பாய்க்கு விளங்கவில்லை.

ஃபோர்க்கை மாட்டியாயிற்று. வாசுதேவன் ஏறி உட்கார்ந்தார். ஒரு நூல்கூட இறங்கவில்லை.

“பாத்தீங்களா? ரோட்டுல இருக்கிற குலுக்கலு அத்தினியும் உங்க முதுகுக்குத்தான் வரும். கொஞ்சம் லூஸ் பண்ணிட்றேன் சார்.”

“வேண்டாம்.”

வீம்புக்கு மருந்து ஏது? தினமும் பல் கிடுகிடுக்க ஏனாத்தூர் போய் வந்தார். கைலாசம் அவருக்கு ‘எழுபத்தெட்டு’ என்றே பெயர் வைத்துவிட்டார். தெருவும் அப்படியே கூப்பிட்டது.

இரண்டு மாதம் கழித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளி வந்தார் வாசுதேவன்.

“பாய், ஸ்பிரிங்கை லூஸ் பண்ணணுமே.”

“பாய் அன்னிக்கே சொன்னாருல்ல?” என்று கைதட்டிச் சிரித்தார், அன்றைக்கும் காற்றடிக்க வந்து நின்ற கைலாசம். இந்தச் சேதியைத் தெருவுக்குச் சொல்ல அவருக்கு அவசரம். மொபெட்டை உதைத்துக் கிளம்பினார். சத்தம் தெருமுனை தாண்டும்வரை வாசுதேவன் வாயைத் திறக்கவில்லை.

“இப்பவாவது புத்தி வந்துச்சே சார். முழுசா லூஸ் பண்ணிட்றேன்.”

“ஒரு சுத்து போறும் பாய். நாலு கிலோதான் குறைஞ்சிருக்கு.”

பாய் மறுபடியும் ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கா?”

வாசுதேவன் சட்டைப் பையிலிருந்து பஸ் ஸ்டாண்ட் எடை மிஷின் அட்டைகள் இரண்டை எடுத்து நீட்டினார். ஒன்றில் எழுபத்தெட்டு. இன்னொன்றில் எழுபத்துநாலு.

“மிளகு டப்பாக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா. அவ பாக்கறதுக்குள்ள திரும்ப வெச்சுடணும்.”

தானாக இறங்கும் சீட்டு, முழங்கைப் பிளாஸ்திரி, செவிலிமேட்டுப் பள்ளம்... பாய்க்கு மெல்ல வெளிச்சம் வந்தது.

“அம்மாவா சார்?”

“சர்க்கரை இருக்கு, சைக்கிள் மிதிங்கோன்னார் டாக்டர். கத்துக்கறேன்னு என்கிட்டதான் வந்து நின்னா. ‘சைக்கிள் தாங்குமாடி?’ன்னு கேட்டுச் சிரிச்சேன் பாய்.” அவர் குரல் இறங்கியது. “அப்புறம் அவ அந்தப் பேச்சே எடுக்கலை. நான் கோஷ்டிக்குப் போனதும் பொண்ணோட சுடிதாரைப் போட்டுண்டு செவிலிமேடு வழியாப் பாலாறு வரைக்கும் ஓட்டிட்டு வரா. சீட்டை ஏத்தி வைக்கத்தான் மறந்துடறா.”

“எனக்குத் தெரியும், தாராளமா ஓட்டுன்னு சொல்லிட வேண்டியதுதானே சார்?”

“சிரிச்சவன் சொன்னா கேப்பாளா? வெக்கப்பட்டுண்டு அன்னிக்கே நிறுத்திடுவா.”

பாய் ஸ்பிரிங் திருகை ஒரே ஒரு சுற்று தளர்த்தினார்.

“அம்மா வண்டி ஓட்றது உங்களுக்குத் தெரியும்னு நான் மூச்சு விட மாட்டேன் சார். சத்தியமா.”

அட்டைகளைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, வாசுதேவன் அக்கம்பக்கம் பார்த்தார்.

“அது தெரிஞ்சாக்கூடப் பெருமாள் என்னைக் காப்பாத்திடுவார் பாய். வெயிட்டு தெரியும்னு மட்டும் சொல்லிடாதீங்கோ!”