இரண்டு மட்டைத் தேங்காய்

அலைக்கு அப்பால் கட்டுமரத்தை நிறுத்தி, இரண்டு மட்டைத் தேங்காய்களையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விட்டார் வைத்திக்குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் நாட்டார்.

பத்து நாளுக்கு முன்பு மாரியப்பனும் அவன் தம்பி முருகையனும் கவிழ்ந்த இடம் அது.

தம்பி தெற்கே கப்பல் பாலத்தடியில் உயிரோடு கரையேறினான். அண்ணன் பிணமாக வடக்கே பிள்ளைச்சாவடியில் ஒதுங்கினான். தூண்டிலில் நடுவிரல் போன வலக்கையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள்.

கவிழ்ந்ததும் அலை பிரித்துவிட்டது என்று முருகையன் சொன்னதை மாரியப்பன் பெண்டாட்டி பூவாயி நம்பவில்லை.

"ஒரே எடத்துல வுழுந்தவங்கள கடல் எப்படி ரெண்டு பக்கமா கொண்டும்போவும்?" என்று பஞ்சாயத்தில் கேட்டாள்.

போலீஸ் சொல்தாக்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். நாட்டாருக்கு மட்டும் கேள்வி நியாயமாகப் பட்டது. காய்கள் சேர்ந்து ஒதுங்கினால் முருகையன் பொய்யன், ஊரை விட்டுப் போகவேண்டும். பிரிந்து ஒதுங்கினால் பூவாயிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் இனி அவன்தான் சோறு போடவேண்டும்.

மத்தியானம் ஒரு காய் பாலத்தடியில் கிடைத்தது. இன்னொன்று பிள்ளைச்சாவடிக்கே போயிருந்தது.

புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு நரம்பில்லாத நாக்கு என்ற பேரும் சேர்ந்தது.

தீர்ப்பு முடிந்தபிறகு அம்மாவாசை என்பவன் விளையாட்டாக அதே இடத்தில் இன்னும் இரண்டு காய்களை விட்டான். இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்து ஒரே இடத்தில் கரை தட்டின. யாரும் கண்டுகொள்ளவில்லை. கடலைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர்களைச் சொல்லவேண்டும். அது காலையில் ஒன்று சொல்லும், மாலையில் ஒன்று சொல்லும்.

பொழுது சாய முருகையன் அரிசி மூட்டையோடு கெந்திக் கெந்தி வந்தான். கணுக்காலுக்கு மேலே புண் சீழ் வைத்திருந்தது.

"பாலத்துத் தூண்ல சிப்பி கீறிடிச்சி அண்ணி."

தன் முகத்துக்கு இனி ஆகாத மஞ்சளைக் குழைத்துக்கொண்டு பூவாயி அவன் காலடியில் உட்கார்ந்தாள்.

நகம் இழுத்ததுபோல் ஒரு கீறல். ஒரு விரல் அகலம் இடைவெளி. பிறகு பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்.

அவள் கை நின்றது.

அடுப்பில் அவன் கொண்டுவந்த அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று பிள்ளைகளும் தட்டோடு அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

பூவாயி அந்த இடைவெளியிலும் சேர்த்து மஞ்சளை அப்பினாள், எல்லாம் ஒரே காயமாகத் தெரியும்படி.