மைனஸ் ஆறு

"பால் எங்கடி வெச்ச?" என்றான் ஹேடன்.

டம்ளர் அவனுடைய இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. அவன் தங்கை ரூத்தி வேண்டுமென்றேதான் அதை அங்கே வைத்திருந்தாள்.

"அங்கதான் இருக்கு. நல்லா பாரு."

அவன் கழுத்தை முழுக்கத் திருப்பிய பிறகுதான் கை டம்ளருக்குப் போனது. "பேய் கொண்டு வந்து வெச்சிருக்கும்" என்று சிரித்துவிட்டு ஒரே மூச்சில் குடித்தான்.

ரூத்தி அதைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திறந்தாள்.

வியாழக்கிழமை. ஹேடனின் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணிப் பையன்கள் எல்லாரும் வந்து ஸ்பகெட்டியை அண்டா அண்டாவாகக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். தட்டு மலையைக் கழுவுவது ரூத்தியின் பாடு. பந்தயத்தில் தோற்றவள் அவள்தான்.

ஒவ்வொரு வாரமும் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு அவள் கம்ப்யூட்டர் ஒரு கணிப்பு சொல்லும். எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்போம், எத்தனையில் தோற்போம் என்று. ஹேடன் தன் வாய்க்கு வந்ததைச் சொல்வான். யாருடைய கணக்கு ரொம்பத் தள்ளிப் போகிறதோ, அடுத்த வாரம் அவர் கையில் சோப்பு.

இரண்டு வருடமாக அவன்தான் கழுவினான்.

சொந்த மைதானம் என்றால் மூன்று புள்ளி கூட்டு. மழை என்றால் குறை. எதிரணி போன வாரம் யாரிடம் எப்படித் தோற்றது என்று பார். இப்படி அவள் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதிய கணக்கை ஊரே நம்பியது. பேக்கரிக்காரம்மா டோனட்டை நீட்டிக்கொண்டே கேட்பாள்: "பாப்பா, இந்த வாரம் நமக்கு எவ்ளோ?"

கடைசி இரண்டு ஆட்டங்களில் கணக்கு கவிழ்ந்தது. பதினேழு புள்ளியில் ஜெயிக்க வேண்டியது மூன்றில். பத்தில் ஜெயிக்க வேண்டியது தோல்வியில் முடிந்தது.

"ப்ரொபசருக்கு மூளை துருப்பிடிச்சிருச்சு" என்று அவளைக் கேலி செய்தான் ஹேடன்.

அவள் தவறைத் தேடினாள். மழை இல்லை. எதிரணியும் புலி இல்லை. கடைசியில், புதிதாகச் சேர்த்திருந்த ஒரு வரிசையில் அது தட்டுப்பட்டது. ஹேடன் எறிந்த பந்து ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் போனது என்கிற வரிசை.

வலது பக்கம் எறிந்தவை எப்போதும்போல.

இடது பக்கம் எறிந்தவை எல்லாமே வீண். மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த ஆட்டத்திலிருந்து. உறைந்த தரையில் அவன் தலை ஹெல்மெட்டோடு மோதிய ஆட்டம். உடனே எழுந்து, பெஞ்சைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, சிரித்தவன்.

முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இரண்டாவது அடி விழுந்தால் என்ன ஆகும் என்று அவள் படித்திருந்தாள். படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. ஒரு ஆட்டத்தில் அவனை எத்தனை தடவை தரையில் சாய்க்கிறார்கள் என்ற எண்ணும் அவளிடம் இருந்தது. அதற்கு மேல் கணக்குப் போட அவளுக்குக் கை வரவில்லை.

சொன்னால் நாளை அவனை இறக்க மாட்டார்கள். பதினோரு வருடம் கழித்து ஊர் பார்க்கப் போகிற நாக்அவுட் ஆட்டம். கடைக் கண்ணாடிகளில் எல்லாம் அவனுடைய எண்ணைப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் அவனுக்கு இதுதான் கடைசி வருடம்.

சொன்னால் ஆயுசுக்கும் பேச மாட்டான்.

"சரி, சொல்லு" என்றான் ஹேடன், ஈரத் தட்டைத் துடைத்தபடி. அவள் முறையானாலும் துடைப்பது எப்போதும் அவன்தான். "நாளைக்கு எவ்ளோ?"

அவள் குழாயை மூடினாள்.

"மைனஸ் ஒன்பது."

"என்னடி அநியாயம்! காலையில நாலுல ஜெயிப்போம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச?"

"அது நீ ஆடினா."

தட்டு அவன் கையிலேயே நின்றது.

"இது யார வெச்சுப் போட்ட?"

"மைல்ஸ வெச்சு." மைல்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரன். இன்னும் மீசை அரும்பாதவன்.

தட்டை உடைப்பான் என்று நினைத்தாள். கத்துவான் என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

தட்டு அலமாரிக்குள் மெதுவாகப் போய் உட்காரும் சத்தம் கேட்டது.

"மைல்ஸுக்குக் குட்டிக் குட்டி பாஸ் நல்லா வரும்" என்றான் அவன். "நான் மைனஸ் ஆறுன்னு சொல்றேன். பந்தயம்."

அவள் தலையை ஆட்டினாள். அவன் வலது பக்கம் போய் நின்று ஆட்டினாள்.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடு, ப்ரொபசர். எனக்கு வாய் வர மாட்டேங்குது."

துண்டை அவள் தோளில் போட்டுவிட்டு மாடி ஏறினான். இடது கை சுவரைத் தடவிக்கொண்டே போனது.

அப்பாவிடம் காட்ட மடிக்கணினியைத் திறந்தாள். அந்தப் புதிய வரிசை திரையில் நின்றது. இடது, இடது, வலது, இடது.

அதைச் சேர்க்கச் சொன்னது அவன்தான்.

தலை மோதிய மறுநாள் காலையில். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வீடியோவை நிறுத்தி நிறுத்தி, தான் தவறவிட்ட எறிகளைத் தானே வாய்விட்டுச் சொன்னான்.

"ஒண்ணு விடாம ஏத்திக்கோடி" என்று.