இரண்டாவது ஹானா

பெப்ரவரி 11, புதன். ஒரு பிழை. ஹானா பில்லிங்கின் வயதை நான் திருத்தியிருக்கக் கூடாது.

நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்தாள். 'சிறிய பிழை' என்று போடலாமா என யோசித்தாள்.

போடவில்லை.

அடுப்படியில் அம்மா ரவை வறுத்துக்கொண்டிருந்தார். நாளை அவளுக்குப் பிறந்தநாள். கேசரி.

மாலை வகுப்பில் எல்லோரும் தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள். இங்கிலாந்தின் பழைய குடிக்கணக்கிலும் தேவாலயப் பதிவேடுகளிலும் தேடுவதற்கு அவளுக்கு யாரும் இல்லை. அதனால் பக்கத்துக் கதிரை டெரிக்கின் குடும்பத்தை அவளிடம் கொடுத்திருந்தார்கள். டெரிக் லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பழைய கையெழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

ஹானா பில்லிங் அவருடைய மூதாய்களில் ஒருத்தி.

1838, ஏப்ரல். தேவாலயத்தில் ஞானஸ்நானம்.

1851, குடிக்கணக்கு. பஞ்சாலையில் வேலை. வயது ஒன்பது.

பன்னிரண்டு இருக்க வேண்டும். கணக்கெடுத்தவன் பிழையாக எழுதியிருப்பான், அல்லது வீட்டார் பொய் சொல்லியிருப்பார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். தன் தாளில் ஒன்பதை வெட்டிப் பன்னிரண்டு ஆக்கினாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சந்தேகப்பட்டு நின்றிருப்பார்கள்.

கடதாசியில் ஒரு வயதும் உடம்பில் ஒரு வயதும் இருப்பது அவளுக்குப் புதிதல்ல.

அவள் இந்த நாட்டுக்கு வந்தது அக்காவின் பிறப்புச் சான்றிதழில். அக்கா பிறந்தபோது ஊரில் பதிவுக் கந்தோர் இருந்தது. அவள் பிறந்தது சனம் இடம்பெயர்ந்து ஓடிய வழியில். பிறகு அக்கா இறந்துபோனாள். கடதாசி மிஞ்சியது. தங்கைக்கு அது பொருந்தியது. அதனோடு பெயரும் வந்தது.

வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் கதைப்பதில்லை.

"யாருக்கும் கலியாணம் செய்துவைக்கும் முன்னால், ஒருமுறை புதைத்துப் பாருங்கள்." வகுப்பு ஆசிரியை வழக்கமாக அடிக்கும் பகிடி. முதலில் அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள் என்று பொருள்.

அவள் அதைப் பார்க்காமலே ஹானாவுக்குக் கலியாணம் செய்து, பிள்ளைகளையும் எழுதி முடித்திருந்தாள்.

இன்று மாலைதான் பார்த்தாள்.

1840, டிசம்பர். ஹானா பில்லிங். வயது இரண்டு.

பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மாறவில்லை.

அடுத்த ஆண்டின் ஞானஸ்நானப் பதிவில் அதே தகப்பன், அதே தாய். பிள்ளையின் பெயர் ஹானா.

செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்தில் வழக்கம்தான் என்றார் ஆசிரியை. சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

டெரிக்கிடம் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"எங்கள் ஹானா தொண்ணூற்றிரண்டு வரைக்கும் இருந்தாள் என்று நேற்றுத்தான் தம்பிக்காரனிடம் பீற்றிக்கொண்டேன். மூன்று வருஷம் போச்சா?"

"ஓம்."

"போகட்டும். அது அவளுடையது இல்லையே." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பாவம், அந்தச் சின்னது. பெயரைக்கூட அதற்கென்று விட்டுவைக்கவில்லை. அதுக்குத் தனியாக ஒரு தாள் போடு, பிள்ளை."

போட்டாள்.

பெயர். ஞானஸ்நானம். அடக்கம். மூன்றே வரி. அதற்குமேல் அந்தத் தாளுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது, வீட்டு மேசையில், வெறுந்தாள் ஒன்றை இழுத்தாள். அக்காவின் பெயரை எழுதினாள். கையெழுத்துப் போடுவதுபோல் இருந்தது. பிறந்த திகதியை எழுதினாள். பெப்ரவரி 12.

மூன்றாவது வரிக்கு எதுவும் இல்லை.

எந்தப் பதிவேட்டிலும் அக்கா இறக்கவில்லை. வேலைக்குப் போகிறாள். வரி கட்டுகிறாள். புதன்கிழமைகளில் மாலை வகுப்புக்குப் போகிறாள்.

நாளை காலை கோவிலில் அம்மா அந்தப் பெயருக்கு அர்ச்சனை செய்விப்பார். ஐயர் கேட்டால், நட்சத்திரம் ரோகிணி என்பார்.

ஐப்பசியிலும் ஒரு நாள் அம்மா அவளைக் கோவிலுக்குக் கூட்டிப்போவார். காரணம் சொல்வதில்லை. அதே பெயருக்கு அர்ச்சனை. அன்றைக்கு நட்சத்திரம் கேட்டை.

சின்ன வயதில் ஒருமுறை அவள் திருத்தியிருக்கிறாள்.

"அம்மா, நட்சத்திரத்தை மாறிச் சொல்லிப்போட்டீங்கள்."

"எனக்குத் தெரியும். நீ பேசாமல் கும்பிடு."

அதையும் பிழை என்றுதான் இத்தனை நாளும் வைத்திருந்தாள். ரோகிணி அக்கா பிறந்த நட்சத்திரம்; கேட்டை தான் பிறந்தது.

நெய் மணம் வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"சீனி போதுமோ எண்டு ஒருக்கா வந்து பார்."

அவள் உடனே எழும்பவில்லை. வேறு யாராவது எழும்புகிறார்களா என்று பார்ப்பவள்போல இருந்தாள்.

பக்கத்தில் கிடந்த வெறுங்கதிரை அசையவில்லை.

அம்மா மறுபடி கூப்பிட்டார்.

"வாறன்" என்றாள். போகுமுன், இன்றைய பக்கத்தின் அடியில் எழுதினாள்.

நாளை: அம்மாவோடு கோவிலுக்குப் போக வேண்டும். அர்ச்சனைச் சீட்டு எடுக்கும் முன்னர் கேட்க வேண்டும். கேட்டை நட்சத்திரத்துப் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?